சென்டரில் பேச்சு வராதது குறித்து

மூவார்,
4 நவம்பர் 2024

பெருமதிப்புக்குரிய சம்பந்தி திரு. தங்கராஜு அவர்களுக்கு,

பொருள்: தலைதீபாவளி அன்பளிப்பாக வந்த சவுண்ட்பார், அதன் சென்டரில் பேச்சு வராதது குறித்து

என் மகன் ஜெயசங்கர் மூலம் தாங்கள் அனுப்பிய சவுண்ட்பார் கடந்த 31ஆம் தேதி நல்ல நிலையில் கிடைத்தது. பெட்டியில் நசுங்கல் இல்லை. நன்றி. கூடவே வந்த பெக்கான் நானாஸ் ஊர் அன்னாசிப் பழங்கள் பதினொன்றையும் அடுத்த வீட்டு வாசுகியிடம் கொடுத்துவிட்டேன். எனக்குச் சர்க்கரை வியாதி உண்டு என்பதைப் பெண் பார்க்க வந்த அன்றே பதிவு செய்திருந்தேன்.

இனி விஷயம். என் வீட்டுக் கூடத்தில் 2003இல் வாங்கிய ஜப்பான் ஆம்பிளிஃபையர் ஒன்று இருக்கிறது. அதற்கு முன்பக்கம் இரண்டு உயர ஸ்பீக்கர்கள், பின்பக்கம் இரண்டு சிறியவை, நடுவில் சென்டர் ஸ்பீக்கர் ஒன்று. படத்தில் இடி, மழை, வாகனம், பாட்டு எல்லாம் சுற்றியுள்ளவற்றில் வரும். மனிதர் பேசுவது மட்டும் சென்டரில் வரும் என்று அதன் கையேட்டில் பதினான்காம் பக்கத்தில் இருக்கிறது. 2023 மார்ச் வெள்ளத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் வீட்டுக்குள் வந்தபோது, கீழ்த்தட்டில் இருந்த சென்டர் மட்டும் நனைந்து போயிற்று. நான் வடிகால் இலாகாவில் கோப்புகளைப் பார்த்த எழுத்தர்தான். ஆனால் அது நான் ஓய்வு பெற்ற பிறகு வந்த வெள்ளம்.

கொரியாவில் செய்த தங்கள் சவுண்ட்பார் வந்ததும் குறை தீரும் என்று நினைத்தேன். தீரவில்லை. பாட்டு நன்றாக வருகிறது. இடி இடித்தால் சன்னல் அதிர்கிறது. மனிதர் பேசும்போது மட்டும் வாய் அசைகிறது, கூழ் கொதிப்பது போல ஓர் ஒலி வருகிறது, சொல் வரவில்லை. கொரியாக்காரரின் சென்டருக்குத் தனியாகப் பேசத் தெரியவில்லை என்பதே என் முடிவு. ஆகவே அதன் சென்டரை மட்டும் என் ஜப்பான் ஆம்பிளிஃபையரின் மேற்பார்வையில் கொண்டுவருவது எப்படி என்று எழுத்து மூலம் தெரிவிக்கவும்.

தொலைபேசியில் விளக்க முயல வேண்டாம். தொழில்நுட்ப விஷயங்கள் எழுத்தில் இருப்பதே முறை. என் கைபேசியில் வாட்ஸ்அப் இல்லை.

இங்ஙனம்,
ச. ஏரம்பமூர்த்தி

*

தெப்ராவ்,
13 நவம்பர் 2024

சம்பந்திக்கு வணக்கம்.

நான் கடைசியாகத் தமிழில் கடிதம் எழுதியது ஆறாம் வகுப்புப் பரீட்சையில். தலைப்பு, நண்பனுக்குச் சுற்றுலா பற்றி. இருபதுக்குப் பதினொன்று வாங்கினேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதம் வந்த அன்றே நான்கு முறை போன் போட்டேன். நான்கு முறையும் எடுத்தீர்கள். "ஹலோ, ஆர் கதைக்கிறது? ஹலோ" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டீர்கள். என் வீட்டுக்காரி புஷ்பவள்ளி பக்கத்தில்தான் இருந்தாள். "வச்சிட்டாங்களா? எனக்குக் கல்யாணத்துலயே தெரியும்லா" என்றாள். கல்யாண விஷயம் இப்போது வேண்டாம்.

சவுண்ட்பார் என்பது உள்ளேயே ஆம்பிளிஃபையர் வைத்து மூடிய ஒரு பெட்டி. அதன் சென்டர் அதன் சொந்த முதலாளியிடம் மட்டும்தான் வேலை செய்யும். வேறு கம்பெனிக்காரன் கூப்பிட்டால் வராது. ஜப்பான்காரனும் கொரியாக்காரனும் நல்லவர்கள்தான். ஒரே அலமாரியில் வைத்தால் ஆளுக்கொரு பக்கம் பார்ப்பார்கள்.

சுலபமான வழி ஒன்று இருக்கிறது. உங்கள் ஆம்பிளிஃபையரின் மெனுவில் 'சென்டர்' என்ற இடத்தில் 'இல்லை' என்று போடுங்கள். அப்படிப் போட்டால் அது பேச்சை இரண்டாகப் பிரித்து முன்னால் உள்ள உயர ஸ்பீக்கர்களுக்கு அனுப்பிவிடும். சவுண்ட்பாரைத் தனியாக ரூமில் வைத்துப் பாட்டு கேட்கலாம்.

இல்லை, இரண்டையும் சேர்த்தே ஆக வேண்டும் என்றால், ஆம்பிளிஃபையரின் பின்னால் சென்டர் என்று எழுதியிருக்கும் சிவப்பு, கறுப்பு இரண்டு முனைகளிலிருந்து வயர் எடுத்து, சவுண்ட்பாரின் பின்னால் ஆக்ஸ் என்ற சின்னத் துளையில் கொடுத்துவிட்டால் போதும்

(இதே தாளின் பின்பக்கம்)

என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். தயவுசெய்து அதை மட்டும் செய்துவிடாதீர்கள். அது ஸ்பீக்கருக்குப் போகிற கரண்ட். சின்னத் துளையில் விட்டால் புகை வரும். உங்கள் ஆம்பிளிஃபையரில் 'ப்ரீ அவுட்' என்று தனித் துளை இருக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள். மற்றதைப் பிறகு சொல்கிறேன்.

அன்புடன்,
தங்கராஜு

*

மூவார்,
21 நவம்பர் 2024

பெருமதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

பார்வை: தங்கள் 13-11 தேதியிட்ட கடிதம், முன்பக்கம்

தாங்கள் எழுதியபடியே செய்தேன். பழைய இயர்போன் வயரை வெட்டி, சிவப்பு கறுப்பு முனைகளோடு முறுக்கி, டேப் ஒட்டி, ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிக் கட்டி, ஆக்ஸ் என்ற துளையில் கொடுத்தேன். காலை 10.40க்குச் செய்தி வாசிப்பு ஆரம்பமானது. 10.41க்குப் புகை வந்தது. அடுத்த வீட்டு வாசுகி வேலி மேல் எட்டிப் பார்த்து ஏதோ சொன்னார். சாம்பிராணி என்று பதில் சொன்னேன்.

அதன் பிறகே தங்கள் கடிதத்தைக் கோப்பில் சேர்க்கத் துளையிடும்போது பின்பக்கத்தில் எழுத்து இருப்பதைக் கண்டேன்.

முப்பத்திரண்டு வருட அரசாங்க சேவையில் தாளின் பின்பக்கத்தில் எழுதிய எவரையும் நான் கண்டதில்லை. அவசியத்தால் எழுத நேர்ந்தால் முன்பக்கத்தின் வலது கீழ்மூலையில் 'பி.டி.ஓ.', அதாவது தயவுசெய்து திருப்பவும், என்று குறிக்க வேண்டும். அந்தக் குறி இல்லாத பின்பக்கம் வெற்றுத்தாளாகவே கருதப்படும். ஆகவே இந்த விபத்தின் பொறுப்பு எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதைத் தங்கள் மனசாட்சிக்கே விட்டுவிடுகிறேன்.

மெனுவில் சென்டர் 'இல்லை' என்று போடச் சொன்னீர்கள். சேவைக் காலத்தில் நான் இருப்பதை இல்லை என்று எழுதியதில்லை. இருந்தும், தாங்கள் சொன்னதற்காகப் போட்டுப் பார்த்தேன். உயர ஸ்பீக்கர்கள் இரண்டிலும் பேச்சு வந்தது. இரண்டிலும் கூழ்தான் கொதித்தது.

சவுண்ட்பாரை ஜெயசங்கர் இந்த ஞாயிறு எடுத்து வருவான். அவன் தனியாகவே வருகிறான், தனியாகவே போகிறான். மருமகளுக்கு சிங்கப்பூரில் வேலை அதிகம் போலும்.

இங்ஙனம்,
ச. ஏரம்பமூர்த்தி

*

தெப்ராவ்,
2 டிசம்பர் 2024

சம்பந்திக்கு வணக்கம்.

இந்தத் தாளில் பின்பக்கம் எதுவும் இல்லை. திருப்பிப் பார்க்க வேண்டாம்.

சவுண்ட்பாரைத் திறந்து பார்த்தேன். ஆக்ஸ் துளையும் அதன் பின்னால் ஒரு சின்ன போர்டும் கருகியிருந்தன. நான் பிளாஸ்டிக் தொழிற்சாலையில் மெஷின் ரிப்பேர் பார்க்கிறவன், இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. போர்டை மாற்றினேன். பிறகு எங்கள் டிவியில் மாட்டி, சென்டரை மட்டும் தனியாக ஓடவிட்டு, புஷ்பவள்ளியைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன். சமையலறையில் இருந்தே, "அந்த மாமியார்க்காரி மருமகளத் திட்டறா. நல்லாத்தான் கேக்குது. எனக்குப் பதிலா அவளே பேசறா" என்றாள்.

சம்பந்தி, சவுண்ட்பார் சரியாக இருக்கிறது. உங்களிடம் இருந்தபோதும் ஆக்ஸைத் தவிர எல்லாம் சரியாகத்தான் இருந்திருக்கிறது.

இப்போது நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். என் மகள் ரூபினிக்கு வேலை அதிகம் இல்லை. அவள் இனி மூவாருக்கு வருவதில்லை என்று முடிவு செய்திருக்கிறாள். போன மாதம் இங்கே வந்து அழுதாள். "மாமா என்கிட்டப் பேசுறதே இல்லப்பா. நான் ஒரு மணி நேரம் பேசினாலும் டிவியைப் பாத்துக்கிட்டு 'ம்' னு சொல்றாரு. கேள்வி கேட்டா சிரிக்கிறாரு. எஸ்டேட் தொழிலாளி வீட்டுப் பொண்ணுன்னு பிடிக்கலன்னா நேரா சொல்லட்டும்லா" என்றாள். மாப்பிள்ளையைக் கேட்டேன். "அம்மா போனதுலேர்ந்து அப்பா இப்படித்தான் மாமா" என்கிறார். அவருக்கு இரண்டு பக்கமும் அடி.

கல்யாணத்தன்று நடந்ததையும் எழுதிவிடுகிறேன். புஷ்பவள்ளி உங்களை மூன்று முறை "சம்பந்தி, சாப்பிட வாங்க" என்று கூப்பிட்டாள். மேடைக்குக் கீழே ஒருமுறை, கார் நிற்கிற இடத்தில் ஒருமுறை, பந்தி முடியப் போகும்போது உங்கள் நாற்காலிக்குப் பின்னால் நின்று ஒருமுறை. நீங்கள் திரும்பிப் பார்க்கவில்லை. என் அண்ணன் வேலு, "அவங்கெல்லாம் கவர்மெண்ட் ஆளுங்க, நம்ம இலைல உக்காருவாங்களா" என்று எல்லோர் முன்னாலும் சொன்னான். நான் வாயை மூடிக்கொண்டேன். இன்னும் மூடித்தான் வைத்திருக்கிறேன், எழுதத்தான் செய்கிறேன்.

எங்கள் பெண் உங்கள் வீட்டுக்கு வேண்டாதவள் என்றால் அதையும் எழுத்திலேயே தெரிவியுங்கள். கோப்பில் வைத்துக்கொள்கிறேன்.

தங்கராஜு

*

மூவார்,
12 டிசம்பர் 2024

சம்பந்தி அவர்களுக்கு,

தாளைத் திருப்பிப் பார்த்தேன். எதுவும் இல்லை. நன்றி.

என்னை யாரும் சாப்பிடக் கூப்பிடவில்லை. மூன்று முறை என்ன, ஒருமுறைகூட இல்லை. கூப்பிட்டிருந்தால் ஓடி வந்திருப்பேன். அன்று எனக்கு நல்ல பசி. பெண் வீட்டார் அழைக்காமல் பந்தியில் உட்காருவது முறையல்ல என்பதால் நாற்காலியிலேயே இருந்தேன். இலைகளை எடுத்த பிறகு, விருந்து எங்கள் பக்கத்துக்கு இல்லை போலும் என்று விளங்கிக்கொண்டு ஹோட்டல் அறைக்குப் போய் கிரீம் கிராக்கர் பிஸ்கட் தின்றேன். ஆறு பிஸ்கட். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சம்பந்தி அம்மா மேல் எனக்கிருந்த வருத்தத்துக்கும் இதுவே காரணம்.

மருமகள் ஒரு மணி நேரம் பேசுவதாக எழுதியிருக்கிறீர்கள். ஆச்சரியமாக இருக்கிறது. அவர் மிகவும் மெல்லிய சுபாவம் உள்ளவர், உதட்டை அசைப்பாரே தவிரப் பேசமாட்டார் என்றே நான் நினைத்திருந்தேன். இந்தக் காலத்துப் பிள்ளைகள் எல்லோருமே இப்படித்தான் முணுமுணுக்கிறார்கள். பிள்ளைகள் மட்டும் அல்ல. வங்கியில் கவுண்டர்காரர், கோயிலில் குருக்கள், சைவ சங்கத்தில் எங்கள் செயலாளர் கிருஷ்ணகுமாரி, ஒருவருக்கும் தெளிவாகப் பேசத் தெரியவில்லை. போன கூட்டத்தில் என் பெயர் எதற்கோ முன்மொழியப்பட்டு நான் தலையசைத்திருக்கிறேன். இப்போது சங்கத்தின் பூப்பந்து அணிக்கு நான்தான் மேலாளர். இந்த நாட்டில் பேச்சுத் தரம் பொதுவாகவே இறங்கி வருகிறது. யாராவது பத்திரிகைக்கு எழுத வேண்டும்.

என் மனைவி சரோஜினி இருந்தபோது இந்தத் தொல்லை இல்லை. அவள் பேச்சு தெளிவு. படம் பார்க்கும்போது ஒவ்வொரு வசனத்தையும் என் பக்கம் திரும்பி இன்னொரு முறை சொல்லும் கெட்ட பழக்கம் மட்டும் அவளுக்கு உண்டு. யாராவது வீட்டுக்கு வந்தாலும் அப்படித்தான், வந்தவர் சொன்னதையே திருப்பிச் சொல்வாள். எத்தனையோ முறை கடிந்திருக்கிறேன். 2023 பொங்கலுக்கு நான்கு நாள் முன்பு அவள் போனாள். அந்தப் பொங்கலுக்குத் தொலைக்காட்சியில் என்ன படம் போட்டார்கள் என்றே எனக்கு விளங்கவில்லை.

மருமகள் எங்கள் வீட்டுக்கு வேண்டாதவர் அல்ல. அவரை வரச் சொல்லவும். சற்று உரக்கப் பேசச் சொல்லவும்.

ஏரம்பமூர்த்தி

*

தெப்ராவ்,
2 ஜனவரி 2025

சம்பந்திக்கு,

இந்தக் கடிதத்தை நான்கு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். ஐந்தாவது இது.

எங்கள் தொழிற்சாலையில் ஒரு மெஷின் நின்றுவிட்டால் ஒரு முறை வைத்திருக்கிறோம். ஒவ்வொரு பாகமாக மாற்றிப் பார்ப்போம். நல்லதென்று தெரிந்த பாகத்தை மாட்டி ஓட்டுவோம். ஓடவில்லை என்றால் அடுத்தது. கடைசியில், மாற்றவே வேண்டாம் என்று எல்லோரும் நினைத்த பாகத்தில்தான் கோளாறு இருக்கும்.

உங்கள் கூடத்தில் சென்டரை மாற்றிப் பார்த்தோம், கூழ். சென்டர் இல்லாமல் ஜப்பான்காரனை மட்டும் வைத்துப் பார்த்தோம், கூழ். கொரியாக்காரன் என் வீட்டில் நன்றாகப் பேசுகிறான். போனில் கூழ், வங்கியில் கூழ், கோயிலில் கூழ். வெள்ளம் வந்தது மார்ச் மாதம். உங்களுக்குப் படம் விளங்காமல் போனது அந்த ஜனவரிப் பொங்கலுக்கு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சென்டர் நனைவதற்கு இரண்டு மாதம் முன்பே பேச்சு நின்றுவிட்டது.

சம்பந்தி, கூடத்தில் நாம் சோதிக்காத பாகம் இன்னும் ஒன்று இருக்கிறது. அது சோபாவில் உட்கார்ந்திருக்கிறது.

கோபப்படுவதற்கு முன் இதையும் படியுங்கள். நான் இருபத்திரண்டு வருடம் காதைப் பிளக்கிற ஸ்டாம்பிங் மெஷின் பக்கத்தில் நின்றவன். ஐம்பது வயதில் டிவியில் பாட்டு கேட்டது, பேச்சு கேட்கவில்லை. டிவியை மாற்றினேன். பிறகு ஹோம் தியேட்டர் ஒன்று வாங்கினேன், அதையும் மாற்றினேன். மூன்றாவதற்குத் தவணை பேசப் போனபோது கடைக்காரன் சொன்ன வட்டி எனக்குக் கேட்கவில்லை, சரி சரி என்று தலையாட்டினேன். புஷ்பவள்ளி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் கிளினிக்கில் உட்காரவைத்தாள். பெரிய சத்தம் எல்லாம் கேட்குமாம். கீச்சென்ற மெல்லிய சத்தம்தான் முதலில் போகுமாம். பேச்சில் தெளிவு அந்த மெல்லிய சத்தத்தில்தான் இருக்கிறதாம்.

இப்போது இரண்டு காதிலும் மெஷின் வைத்திருக்கிறேன். கல்யாணத்தில் பெண்ணின் அப்பா ஏன் இந்த வயதில் முடி வளர்த்திருக்கிறார் என்று உங்கள் பக்கத்தார் பேசிக்கொண்டதாகக் கேள்வி. எல்லாம் இதை மறைக்கத்தான்.

இதை நான் அன்றைக்கே உங்களிடம் கண்டுபிடித்திருக்க வேண்டும். தோன்றவில்லை. படித்தவர்களுக்குத் திமிர்தான் வரும், காது போகாது என்று நினைத்துவிட்டேன். அது என் கோளாறு.

உங்களைப் பரிசோதிக்கக் கூட்டிக்கொண்டு போக நான் தயார்.

அன்புடன்,
தங்கராஜு

*

மூவார்,
9 ஜனவரி 2025

திரு. தங்கராஜு அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது.

மூன்று மேலதிகாரிகளின் முணுமுணுப்பை முப்பத்திரண்டு வருடம் பிழையின்றிக் குறிப்பெடுத்த காது இது. ஓர் உபகரணத்தை இன்னோர் உபகரணத்தோடு இணைப்பது எப்படி என்று மட்டுமே நான் கேட்டிருந்தேன். என்னை உபகரணங்களின் பட்டியலில் சேர்க்கும்படி கேட்கவில்லை.

சவுண்ட்பாரைத் தாங்களே வைத்துக்கொள்ளவும். இந்தக் கோப்பு மூடப்படுகிறது.

ச. ஏரம்பமூர்த்தி

*

தெப்ராவ்,
5 பிப்ரவரி 2025

சம்பந்திக்கு வணக்கம்.

மூடிய கோப்பில் ஒரு தாள் சேர்க்கலாமா என்று தெரியவில்லை.

பொங்கலுக்கு மாப்பிள்ளை மட்டும் உங்களிடம் வந்தார். ரூபினி இங்கே தனியாக உட்கார்ந்து கரும்பு கடித்தாள். உங்கள் கோபத்தைப் பற்றி எனக்குக் கவலை இல்லை, நானும் இரண்டு வருடம் அப்படித்தான் இருந்தேன். இந்தப் பிள்ளைகள் இரண்டும் ஆளுக்கொரு வீட்டில் பொங்கல் சாப்பிட்டதுதான் எனக்கு இறங்கவில்லை.

சவுண்ட்பாரை மாப்பிள்ளையிடம் கொடுத்தனுப்புகிறேன். அதோடு ஒரு சின்ன யு.எஸ்.பி. இருக்கும். சவுண்ட்பாரின் பக்கவாட்டில் சொருகினால் போதும், வேறு எந்த வயரும் வேண்டாம். (இந்த வாக்கியம் இங்கேயே முடிகிறது. பின்பக்கம் போகவில்லை.)

அதில் ரூபினி ஒரு நிமிடம் பேசியிருக்கிறாள். நான்தான் கெஞ்சிக் கேட்டுப் பேசவைத்தேன். என்னை வெளியே போகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள். சென்டரில் மட்டும் வரும்படி பதிவு செய்திருக்கிறேன். என்ன பேசினாள் என்று நான் கேட்கவில்லை. உங்களுக்குச் சொல்லியது, உங்களுக்குத்தான்.

கேட்டால் எழுதுங்கள். கேட்காவிட்டாலும் எழுதுங்கள்.

தங்கராஜு

*

மூவார்,
24 மார்ச் 2025

பெருமதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

பொருள்: மூடிய கோப்பை மீண்டும் திறப்பது குறித்து

தாங்கள் அனுப்பிய சவுண்ட்பாரும் யு.எஸ்.பி.யும் பிப்ரவரி 9 அன்று கிடைத்தன. சோதனை விவரம் பின்வருமாறு.

முதல் நாள் ஒலி அளவு 20இல் வைத்துக் கேட்டேன். பெண் குரல் என்பது விளங்கியது. மறுநாள் 30. அதற்கு மறுநாளிலிருந்து 50. அதற்கு மேல் அந்தக் கருவியில் எண் இல்லை. பேச்சு மொத்தம் ஐம்பத்தெட்டு விநாடி. இடையில் நான்கு இடத்தில் நிறுத்துகிறார். மூன்றாவது நிறுத்தத்தில் மூக்கை உறிஞ்சுகிறார், அது நன்றாகக் கேட்டது. கடைசியில் குரல் மேலே போய் நிற்கிறது, ஆகவே அது ஒரு கேள்வி என்று முடிவு செய்தேன். என்ன கேள்வி என்பது விளங்கவில்லை.

காலை, மதியம், மாலை என்று ஒரு நாளைக்கு மூன்று முறை வீதம் ஒன்பது நாள் கேட்டேன். என்னிடம் ஒருவர் கேட்ட கேள்விக்குப் பதில் போடாமல் வைத்திருந்த வழக்கம் எனக்கு எந்தக் காலத்திலும் இல்லை.

பத்தாம் நாள் காலை அடுத்த வீட்டு வாசுகி கேட் அருகே வந்து நின்றார். ஏதோ சொன்னார். இன்னொரு முறை சொன்னார். கையை ஆட்டி, சுவரைக் காட்டி, காதைக் காட்டி மூன்றாம் முறையும் சொன்னார். நான் வழக்கம்போலச் சிரித்தேன். அவர் என் தபால் பெட்டியில் இருந்த மின்சார ரசீதை உருவி, அதன் பின்பக்கத்தில் எழுதி என் கையில் கொடுத்தார்.

அதில் பி.டி.ஓ. என்ற குறி இல்லை. சேவைக் காலத்திலும் ஓய்விலும் முதல் முறையாக, அந்தக் குறி இல்லாத ஒரு பின்பக்கத்தை நானாகப் படித்தேன்.

"அங்கிள், அந்தப் பொண்ணுக்கு ஏதாச்சும் பதில் சொல்லுங்களேன். ஒன்பது நாளா கேக்குது. எங்க வீட்ல எல்லாரும் பாவம்னு சொல்றாங்க. என் மாமியார் அழுதுட்டாங்க."

பி.டி.ஓ.

(பின்பக்கம்)

எங்கள் வரிசையில் உள்ள அத்தனை வீட்டுக்கும் சுவர் தாண்டிக் கேட்ட பேச்சு, அது யாருக்காகப் பேசப்பட்டதோ அவருக்கு மட்டும் கேட்கவில்லை. இதற்கு மேல் உபகரணங்களைக் குறை சொல்வது முறையல்ல.

அன்று மதியமே கிளினிக்குக்குப் போனேன். தனியாகத்தான் போனேன், கோபிக்க வேண்டாம். கண்ணாடி அறையில் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். கேட்காததற்கும் அமுக்கினேன். பரிசோதித்த பெண் உள்ளே வந்து, ஏமாற்ற வேண்டாம் என்று தாளில் எழுதிக் காட்டினாள். உண்மையான மதிப்பெண் தங்கள் ஆறாம் வகுப்புக் கடிதத்தைவிடக் குறைவு.

மார்ச் 3 முதல் இரண்டு காதிலும் கருவி அணிகிறேன். முதல் நாள் என் செருப்புச் சத்தத்தைக் கேட்டு யாரோ பின்தொடர்வதாக நினைத்தேன். ஐஸ்பெட்டி இரவு பகலாக உறுமுகிறது, இத்தனை காலம் இதைப் பொறுத்துக்கொண்டிருந்தவளை நினைத்தேன். ஒரு பதிவுத் தவறையும் திருத்த வேண்டும். என் சென்டர் போனது 2023 மார்ச்சில் அல்ல, அந்த ஜனவரியில். தேதியைத் தவறாகக் குறித்துவிட்டேன்.

பிறகு யு.எஸ்.பி.யை 15இல் வைத்துக் கேட்டேன். மருமகள் சொன்னது இது:

"மாமா, அப்பா ஏதாச்சும் பேசுன்னாரு. என்ன பேசுறதுன்னு தெரியல. உங்க வீட்டு மாடிப்படி மூணாவது படி ஆடுது, விழுந்துடாதீங்க. அன்னிக்கு அத்தையோட போட்டோவ தொடச்சப்ப உங்ககிட்ட அவங்களப் பத்திக் கேட்டேன், நீங்க சிரிச்சீங்க. அது எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சி. எனக்கு அவங்களத் தெரியாதுல்ல. அவங்க எப்படி இருப்பாங்க மாமா?"

மாடிப்படியைப் பழுது பார்த்தேன். மற்றதற்கு எழுத்து மூலம் பதில் அனுப்ப முதலில் நினைத்தேன். மூன்று பக்கம் எழுதிய பிறகு, கேள்வி குரலில் வந்தது, பதிலும் குரலில் போவதே முறை என்று ஜெயசங்கருக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவன் பதில் எனக்கு முழுவதும் கேட்டது.

மார்ச் 15 சனிக்கிழமை இருவரும் வந்தார்கள். கருவி வைத்திருப்பதை மருமகளிடம் சொல்ல வேண்டாம் என்று மகனிடம் கூறியிருந்தேன். அவர் வந்ததும் நேரே சமையலறைக்குப் போய், நான் அரைத்து வைத்திருந்த தேங்காய்ச் சம்பலை ருசி பார்த்து, எனக்குக் கேட்காது என்ற தைரியத்தில், "இந்த வீட்டுல உப்புன்னு ஒண்ணு கண்டுபிடிக்கவே இல்லையா? அலமாக்!" என்றார்.

நான் கூடத்தில் இருந்தபடியே, "போடு பிள்ளை. எனக்கும் உப்புக் காணாது எண்டுதான் இருந்தது" என்றேன்.

கரண்டி விழுந்த சத்தமும் கேட்டது.

அவர் ஒரு மணி நேரம் பேசுவார் என்று தாங்கள் எழுதியிருந்தது தவறு. மூன்று மணி நேரம். சரோஜினியைப் பற்றிக் கேட்டார், சொன்னேன். இப்போது படம் பார்க்கும்போது எனக்கு எல்லாம் விளங்கியும்கூட, ஒவ்வொரு வசனத்துக்கும் என் பக்கம் திரும்பித் தன் கருத்தைச் சொல்கிறார். கடிந்துகொள்ளவில்லை.

தொழில்நுட்ப விஷயம் ஒன்று நிலுவையில் இருக்கிறது. என் காதுக் கருவி டென்மார்க்கில் செய்தது. டிவிச் சத்தத்தை வயர் இல்லாமல் நேரே காதில் வாங்கலாம் என்று அதன் பெட்டியில் போட்டிருக்கிறது. ஆனால் கொரியாக்காரரும் டென்மார்க்காரரும் ஒருவரை ஒருவர் கண்டுகொள்ளவில்லை. ஜப்பான்காரர் இருவரையும் பார்த்துச் சிரிக்கிறார். இதை எப்படிச் சேர்ப்பது என்று தெரியவில்லை.

தாங்கள் கடந்த செவ்வாய் என்னோடு தொலைபேசியில் நாற்பது நிமிடம் பேசினீர்கள். முதல் முறையாக முழுவதும் கேட்டேன். பூப்பந்தைப் பற்றியும் தங்கள் அண்ணனைப் பற்றியும் சொன்னது எல்லாம் சரி. இருந்தாலும் இந்தத் தொழில்நுட்ப விஷயத்தைக் கடிதத்திலேயே எழுதவும். இரண்டு பக்கமும் எழுதலாம். குறி வேண்டாம், இனி நானே திருப்பிப் பார்த்துக்கொள்கிறேன்.

அல்லது எழுதவே வேண்டாம். ஏப்ரல் 14 அன்று புத்தாண்டுக்கு மகனும் மருமகளும் தெப்ராவ் வரும்போது நானும் வருகிறேன். டென்மார்க்காரரைக் காதிலேயே கொண்டுவருகிறேன், தாங்கள் பார்க்கலாம். கிரீம் கிராக்கர் கொண்டுவரமாட்டேன்.

சம்பந்தி அம்மாவிடம் சொல்லவும்: இந்தத் தடவை ஒருமுறை கூப்பிட்டால் போதும்.

இங்ஙனம்,
ஏரம்பமூர்த்தி